நண்டு, இறால், பதநீர்... சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கடலோர விருந்து! பழவேற்காடு ஒருநாள் பயணம்

லீவு நாள் வந்துவிட்டால் சென்னைக்காரர்களின் வண்டி தானாகவே தெற்குப் பக்கம் திரும்பிவிடும். ஈ.சி.ஆர், மகாபலிபுரம், மிஞ்சிப்போனால் புதுச்சேரி. வடக்குப் பக்கம் போனால் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லலாம்: நண்டு!

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் வங்கக்கடல், நடுவில் ஊர் என்று அமைந்திருக்கிறது பழவேற்காடு. சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். காலையில் கிளம்பி, மதியம் வயிறார மீன் சாப்பாடு சாப்பிட்டு, நானூறு வருட வரலாற்றையும் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னும் பக்கம். வார விடுமுறைக்கு இதைவிடச் சிக்கனமான கடற்கரைப் பயணம் கிடைப்பது கஷ்டம்.

ஆனால், அங்கே தட்டில் வந்து விழும் நண்டுக்கும் இறாலுக்கும் பின்னால் ஒரு போராட்டக் கதை இருக்கிறது. அதையும் தெரிந்துகொண்டு போனால் சாப்பாட்டின் ருசி இன்னும் கூடும்.

எப்படிப் போவது?

சென்னை சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் போகும் மின்சார ரயிலில் ஏறி, மீஞ்சூர், அனுப்பம்பட்டு தாண்டி பொன்னேரியில் இறங்க வேண்டும். சுமார் ஒரு மணி நேரப் பயணம். கும்மிடிப்பூண்டியில் இருந்து வருபவர்களுக்கு கவரைப்பேட்டைக்கு அடுத்த ஸ்டேஷன். பொன்னேரியில் இருந்து திருப்பாலைவனம் வழியாக பழவேற்காட்டுக்கு பஸ், ஷேர் ஆட்டோ உண்டு. வயல், பனைமரம், இறால் பண்ணைக் குட்டை என்று காட்சி மாறிக்கொண்டே வரும். காற்றில் உப்பு வாசனை அடித்தால் ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

காலையிலேயே போய்விடுங்கள்!

பழவேற்காட்டில் பொழுது மீனோடுதான் விடியும். இரவில் வலை போட்டவர்களின் படகுகள் கரை ஒதுங்கும் நேரத்தில் போனால், கூடை கூடையாக மீன் இறங்குவதையும், ஏலம் போவதையும், வியாபாரிகள் ஐஸ் பெட்டியில் அடுக்குவதையும் குழந்தைகளுக்குக் காட்டலாம். டி.வி-யில் நூறு முறை பார்ப்பதைவிட இது மேல்.

இங்கே ஒரு விசேஷம். கடல் மீன், ஏரி மீன் இரண்டுமே ஒரே ஊரில் கிடைக்கும். வஞ்சிரம், சங்கரா, கானாங்கத்தை, நெத்திலி, கடம்பா எல்லாம் கடலில் இருந்து வரும். மடவை, கொடுவா, கெளுத்தி, கிழங்கான் போன்றவை ஏரியிலும் கிடைக்கும். கடல் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் கலக்கும் உப்பங்கழி என்பதால், ஏரி மீனுக்கென்று தனி ருசி உண்டு என்பார்கள் ஊர்க்காரர்கள். மடவை வாங்கிப் பழகியவர்கள் வஞ்சிரம் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். விலையும் கைக்கு அடக்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்தச் சமயத்தில் பெரிய கடல் மீன்கள் குறைவாக இருக்கும், விலையும் ஏறியிருக்கும். ஆனால், சின்னப் படகுகள் ஏரியில் பிடிக்கும் மீனும் நண்டும் இருக்கும் என்பதால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை.

நல்ல நண்டு... பார்ப்பது எப்படி?

பழவேற்காட்டின் ராஜா சேற்று நண்டுதான். கரும்பச்சை ஓடு, உருண்டு திரண்ட கொடுக்கு, கயிற்றால் கட்டிய கால்கள். பெரிய சைஸ் நண்டுகள் உயிரோடு வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. மீதி நம் ஊர் மார்க்கெட்டுக்கு வரும். வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

● சேற்று நண்டு என்றால் உயிரோடு இருப்பதையே வாங்குங்கள். செத்த நண்டு சீக்கிரம் கெட்டுவிடும். விலை குறைவு என்று ஆசைப்பட்டால் வயிறுதான் பாடுபடும்.

● கையில் தூக்கிப் பாருங்கள். சைஸுக்கு ஏற்ற கனம் இருக்க வேண்டும். பார்க்கப் பெரிதாக இருந்து லேசாக இருந்தால் உள்ளே தண்ணீர்தான்.

● அடிப்பக்கம் ஓட்டை விரலால் அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் சதை நிறைந்திருக்கிறது. அமுங்கினால் இப்போதுதான் ஓடு மாற்றிய நண்டு, சதை குறைவாக இருக்கும்.

● வயிற்றுப் பக்கம் மடிப்பு குறுகலாக முக்கோணமாக இருந்தால் ஆண், அகலமாக வட்டமாக இருந்தால் பெண். கொடுக்குச் சதை வேண்டுமென்றால் ஆண் நண்டு.

● வயிற்றுக்கு வெளியே முட்டைக்கொத்து தொங்கும் நண்டை வாங்காதீர்கள். அது ஏரிக்குத் திரும்பிப் போக வேண்டிய அடுத்த தலைமுறை.

பௌர்ணமி நண்டில் சதை இருக்காது, அமாவாசை நண்டுதான் நல்லது என்று ஒரு பேச்சு உண்டு. மீன் விற்கும் அக்காக்களிடம் கேட்டால் இதற்கு ஆளுக்கொரு விளக்கம் கிடைக்கும். கேட்டுப் பாருங்கள், சுவாரஸ்யமாக இருக்கும்!

வாங்கிய மீனை அங்கேயே சுத்தம் செய்து தருவதற்கும் பெண்கள் இருக்கிறார்கள். அரிவாள்மனையில் அவர்கள் கை போகும் வேகத்தைப் பார்ப்பதற்கே கூலியைக் கொடுக்கலாம்.

மதியம்... இலை போடுங்க!

பழவேற்காட்டில் ஸ்டார் ஓட்டல்களை எதிர்பார்த்துப் போகாதீர்கள். சின்னச் சின்ன சாப்பாட்டுக் கடைகள்தான். சோறு, மீன் குழம்பு, ரசம், மோர். அதோடு தோசைக்கல்லில் மசாலா தடவிப் பொரித்த மீன், இறால் தொக்கு, நண்டு மசாலா. அன்றைக்கு வலையில் என்ன விழுந்ததோ அதுதான் மெனு. அதனால் போனதும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘இன்னிக்கு என்ன மீன்?’ என்பதுதான். விலையையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. நண்டும் பெரிய இறாலும் சீசனுக்குத் தகுந்தாற்போல ஏறி இறங்கும்.

மீன் குழம்பில் மாங்காய் போட்டிருந்தால் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கருவாட்டுக் குழம்பு கிடைத்தால் விடாதீர்கள். கத்தரிக்காயும் கருவாடும் சேர்ந்தால் அங்கே பேச்சுக்கே இடமில்லை.

வெயில் காலம் என்றால் குடிக்கப் பதநீர். இந்தப் பகுதி முழுக்கப் பனைமரம். பானையின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவி மரத்தில் கட்டினால் பதநீர், தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை என்பதால் பதநீர்தான் சட்டப்படி கிடைக்கும் பானம். வெயில் ஏறுவதற்குள் குடித்துவிட வேண்டும், நேரமானால் ருசி மாறிவிடும். கூடவே நுங்கு. மற்ற நாள்களில் இளநீரும் டீயும்தான் துணை.

அதே பனையின் ஓலையில் கூடை, பெட்டி, கொட்டான் என்று பின்னும் கைவேலையும் இந்த ஊரில் உண்டு. குறிப்பாக, இங்குள்ள இஸ்லாமியப் பெண்கள் இதில் கைதேர்ந்தவர்கள். வீட்டுக்கு வாங்கிப்போக இதைவிட நல்ல ஞாபகப் பொருள் இல்லை.

ஸ்பெயினில் ஒரு பழவேற்காடு!

சாப்பாட்டுக்காகவே ஒரு கடலோர ஊருக்குப் போவது உலகத்தில் பல இடங்களில் பெரிய பிசினஸ். ஸ்பெயின் நாட்டின் வடக்கே பாஸ்க் மக்கள் வாழும் பகுதியில் கெத்தாரியா என்று ஒரு சின்ன மீனவ ஊர். உணவகங்களின் வாசலிலேயே கரி அடுப்பு எரியும். முழு மீனை அப்படியே கம்பி வலையில் வைத்துச் சுட்டுத் தருவார்கள். நம் நெத்திலியின் உறவுக்கார மீனை உப்பில் பதப்படுத்தி டப்பாவில் அடைத்து விற்பார்கள். கிட்டத்தட்ட நம் கருவாடு கதைதான். குடிக்க, அந்த ஊர் மலைச்சரிவில் விளையும் திராட்சையில் செய்த ‘சக்கோலி’ என்ற புளிப்பான வெள்ளை ஒயின். நம் டீ மாஸ்டர் டீ ஆற்றுவதுபோல பாட்டிலை உயரத் தூக்கி கிளாஸில் ஊற்றுவார்கள்!

முதன்முதலில் கப்பலில் உலகத்தைச் சுற்றி முடித்த பயணம் தெரியுமில்லையா? 1519-ல் மெகல்லன் தலைமையில் கிளம்பியது. வழியில் மெகல்லன் இறந்துபோக, 1522-ல் கப்பலை ஊர் கொண்டுவந்து சேர்த்த எல்கானோ, இந்த கெத்தாரியாக்காரர். உலகப் புகழ்பெற்ற ஆடை வடிவமைப்பாளர் பலென்சியாகாவும் 1895-ல் இதே ஊரில் பிறந்தவர்தான். அவருடைய அம்மா ஒரு தையல்காரர். இன்று அவர் பெயரில் ஊரில் மியூசியம் இருக்கிறது.

மீன், கடல் பயணம், துணி. இந்த மூன்றும்தான் கெத்தாரியாவின் பெருமை. அப்படிப் பார்த்தால் பழவேற்காடும் எதிலும் குறைந்ததில்லை. எல்கானோவின் கப்பல் கிழக்கே மலுக்குத் தீவுகளில் இருந்து கிராம்பு ஏற்றிக்கொண்டு போனது. அடுத்த நூற்றாண்டில் அதே கிராம்பையும் ஜாதிக்காயையும் வாங்க டச்சுக்காரர்கள் கொண்டுபோன துணிகள் ஏற்றப்பட்ட துறைமுகங்களில் முக்கியமானது, நம் பழவேற்காடு!

எலும்புக்கூடு காவல் காக்கும் கல்லறை

சாப்பிட்ட களைப்பு தீர ஒரு நடை போனால் அந்த வரலாற்றை நேரிலேயே பார்க்கலாம்.

வேலமரக்காடு என்பதே பழவேற்காடு ஆனது என்பார்கள். 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர்கள் இங்கே வந்தார்கள். 1515-ல் தொடங்கப்பட்டதாகச் சொல்லப்படும் மகிமை மாதா ஆலயம் இன்றும் பக்தர்கள் கூடும் இடம். அவர்களுக்குப் பிறகு வந்த டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கடற்கரையில் அவர்களுக்கு இதுதான் தலைமையிடம். 1690 வாக்கில் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை இங்கிருந்துதான் துணி வியாபாரம் நடந்தது. காசு அச்சடித்தார்கள். வெடிமருந்து தயாரித்தார்கள். மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள் என்ற கறுப்புப் பக்கமும் இந்த வரலாற்றில் உண்டு. 1825-ல் ஊர் முழுவதுமாக ஆங்கிலேயர் கைக்குப் போனது.

இன்று கோட்டை இருந்த இடத்தில் புதர்தான் மிச்சம். ஆனால், இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் டச்சுக் கல்லறையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நுழைவாயிலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைப் பார்த்துக் குழந்தைகள் முதலில் மிரள்வார்கள், அப்புறம் செல்ஃபி கேட்பார்கள். உள்ளே 17-ம் நூற்றாண்டுத் தேதிகளோடு, குடும்பச் சின்னங்கள் செதுக்கிய பெரிய பெரிய கற்பலகைகள். கடல் கடந்து வந்து இங்கேயே கண்மூடியவர்களின் பெயர்கள் டச்சு மொழியில் இருக்கின்றன.

விஜயநகரக் காலத்து ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் ராமாயணக் காட்சிகளை உள்ளங்கை அளவு சிற்பங்களாகச் செதுக்கியிருப்பார்கள். பழைமையான பள்ளிவாசலும் உண்டு. கோயில், மசூதி, சர்ச் என மூன்றையும் ஒரே மாலையில் நடந்தே பார்க்கலாம்.

அப்புறம், வீட்டில் தாத்தா கட்டும் ‘பாளையக்காட்’ லுங்கி! அந்தப் பெயரும் இந்த ஊரின் பழைய வியாபாரப் பெயரில் இருந்து வந்ததுதான்.

முகத்துவாரம் மூடினால் அடுப்பும் மூடும்

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திராவில், தென்கோடி மட்டும் நம்மிடம். பார்க்கக் கடல்போல இருந்தாலும் சராசரி ஆழம் சுமார் ஒரு மீட்டர்தான். ஆரணி ஆறு தெற்கிலும், காளங்கி, சொர்ணமுகி ஆறுகள் ஆந்திரப் பகுதியிலும் தண்ணீர் கொண்டுவருகின்றன. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே தடுப்புச்சுவர் மாதிரி நீண்டுகிடக்கும் தீவுதான், ராக்கெட் ஏவப்படும் ஸ்ரீஹரிகோட்டா.

ஏரியும் கடலும் சந்திக்கும் வாசலுக்கு முகத்துவாரம் என்று பெயர். இந்த ஊரின் உயிர் அதில்தான் இருக்கிறது. இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, இரை கிடைக்கும் அமைதியான தண்ணீரில் வளரும். வளர்ந்ததும் திரும்பக் கடலுக்குப் போகும். பல மீன்களுக்கும் நண்டுக்கும்கூட இந்தப் போக்குவரத்து தேவை.

கோடையில் ஆற்றில் தண்ணீர் வரத்து நின்றுபோனால், அலை தள்ளும் மணல் சேர்ந்து இந்த வாசல் அடைத்துக்கொள்ளும். உள்ளே தண்ணீர் வற்றி, உப்பு ஏறும். இறால் வராது. ஏரியில் இருந்து கடலுக்குப் படகு போகவும் வழி இருக்காது. மழைக்காலத்தில் வெள்ளம் வடியாமல் ஊருக்குள் வரும் ஆபத்தும் உண்டு. அரசு உதவி வரும் வரை காத்திருக்க முடியாமல், மீனவ கிராமங்கள் தாங்களே பணம் போட்டு மணலை வெட்டிய வருடங்களும் உண்டு. இருபுறமும் தடுப்புச் சுவர் கட்டி முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்துவைக்க வேண்டும் என்ற அவர்களின் நீண்டநாள் கோரிக்கைக்குப் பிறகுதான் அதற்கான திட்டத்தை அரசு கையில் எடுத்தது.

இன்னொரு கவலை தெற்கே இருக்கிறது. காட்டுப்பள்ளி துறைமுகத்தை விரிவாக்கும் திட்டம் வந்தால் கடல் அரிப்பு கூடும், ஏரி பாதிக்கும் என்று பழவேற்காடு மீனவர்கள் தொடர்ந்து எதிர்ப்புத் தெரிவித்து வருகிறார்கள். வேலைவாய்ப்பும் வளர்ச்சியும் வரும் என்பது திட்டத்தை ஆதரிப்பவர்களின் வாதம். தொழிற்சாலைச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவர்களும் வலையை நம்பி இருப்பவர்களும் ஒரே தாலுகாவில் வாழும்போது, இது எளிதில் முடிகிற விவாதம் இல்லை.

ஏரியைப் பங்குபோட்டுக்கொள்வதில் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழைய ஏற்பாடு உண்டு. ‘பாடு’ என்று பெயர். நல்ல மீன் கிடைக்கும் இடங்களில் யார் என்றைக்கு வலை போடலாம் என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். எல்லோருக்கும் அதில் இடம் கிடைப்பதில்லை என்ற மனக்குறையும் உண்டு. படகோ வலையோ இல்லாத இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவியே இறால் பிடிப்பார்கள். பிடித்த இறாலைப் போட ஓலையில் பின்னிய பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள். இறால் முள்ளும் சிப்பியும் விரலைக் கிழிக்கும். அடுத்த முறை இறால் விலையைக் கேட்டு முகம் சுளிக்கும் முன்பு, அந்த விரல்களை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம்.

படகு சவாரி... ஒரு எச்சரிக்கை!

2011-ம் ஆண்டு டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் தினம். பழவேற்காட்டுக்குச் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தார்கள். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த சொந்தபந்தங்கள் அவர்கள். அதன்பிறகு இங்கே சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. ‘கொஞ்ச தூரம்தான், போய்ட்டு வந்துடலாம்’ என்று யாராவது கூப்பிட்டாலும், அனுமதியும் லைஃப் ஜாக்கெட்டும் இல்லாத படகில் ஏறாதீர்கள். முகத்துவாரம் பக்கம் நீரோட்டம் வேகமாக இருக்கும். அங்கே குளிக்கவும் இறங்க வேண்டாம்.

பறவை பார்க்கப் படகு கட்டாயமும் இல்லை. நவம்பர் முதல் மார்ச் வரை பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வரும். ஆந்திரப் பக்கம் சூளூர்பேட்டையில் இருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியின் நடுவே போகிறது. ரோட்டோரம் நின்றே பார்க்கலாம். பைனாகுலர் இருந்தால் இன்னும் நல்லது.

வீட்டுக்கு வந்து செய்ய... இறால் தொக்கு

தேவையானவை: இறால் அரை கிலோ, சின்ன வெங்காயம் 20, தக்காளி 2, இஞ்சி - பூண்டு விழுது 1 டேபிள்ஸ்பூன், மிளகாய்த்தூள் 2 டீஸ்பூன், மல்லித்தூள் 1 டீஸ்பூன், மஞ்சள்தூள் அரை டீஸ்பூன், சோம்பு அரை டீஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன், கறிவேப்பிலை, நல்லெண்ணெய், உப்பு.

செய்முறை: இறாலின் ஓட்டை உரித்து, முதுகில் இருக்கும் கறுப்பு நரம்பை எடுத்துவிட்டு, மஞ்சள்தூள் போட்டு அலசி வைக்கவும். எண்ணெயில் சோம்பு, கறிவேப்பிலை தாளித்து, பொடியாக நறுக்கிய வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கவும். இஞ்சி - பூண்டு விழுதின் பச்சை வாசனை போனதும் தக்காளி, உப்பு, தூள்களைச் சேர்த்து எண்ணெய் பிரியும் வரை சுருள வதக்கவும். கடைசியாக இறாலைப் போட்டு 5 முதல் 7 நிமிடம் மட்டும் வேகவிடவும். இறால் சுருண்டு நிறம் மாறினால் வெந்துவிட்டது. அதற்குமேல் விட்டால் ரப்பர்தான்! மிளகுத்தூள் தூவி இறக்கவும். தண்ணீர் சேர்க்கத் தேவையில்லை.

கிளம்பும் முன்பு...

● மீன் வாங்கும் எண்ணம் இருந்தால் ஐஸ் பெட்டி எடுத்துப்போங்கள். ரயிலில் வருபவர்கள் மூடி போட்ட டப்பாவில் கொண்டுவந்தால் பக்கத்து சீட்காரருக்கும் நிம்மதி.

● கையில் கொஞ்சம் சில்லறை, தொப்பி, தண்ணீர் பாட்டில் அவசியம். நிழல் குறைவு.

● ராக்கெட் ஏவும் நாள்களில் மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்வார்கள். அன்று மீன் குறைவு, கூட்டம் அதிகம். ஆனால், வானத்தில் இலவசக் காட்சி உண்டு.

● பிளாஸ்டிக் கவர், பாட்டில்களை ஏரிக்கரையில் போடாதீர்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் விழும் குப்பைக்குப் போக வேறு இடம் கிடையாது. வலையில்தான் வந்து சிக்கும்.

● கடைசி பஸ் நேரத்தை இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.